கண்மாயைத் தைத்தவர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதைத் தூக்கிப் போடுவது, எதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இன்னும் இரண்டு தலைமுறைக்கு உழைக்கிற தேக்குக் கட்டிலைத் தெருவில் போடுகிறார்கள். போனில் படம் பார்த்து வாங்கிய மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைப் பரண்மேல் ஏற்றிக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறார்கள். முட்டிக்கால் தெரியக் கிழிந்த பேண்ட்டைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு, அதோடு கல்யாணப் பந்தியிலும் வந்து உட்காருகிறார்கள். கேட்டால் மாடலாம்.

விளாங்குடியில் சாக்குக் கடை வைத்திருக்கும் நல்லகாமனுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் கொஞ்சமும் பொறுக்காது. கிழிசலைக் கண்டால் அவருக்குக் கை நமநமவென்று அரிக்கும். பரவை மார்க்கெட்டில் மூட்டை சுமந்து முதுகு ஓய்ந்த பிறகு, காலிச் சாக்குகளை வாங்கி, உதறி, கிழிந்ததைத் தைத்து விற்கிற தொழிலுக்கு வந்தவர் அவர். அவர் அப்பன் காலம்வரை அடுத்தவன் வயலில் அறுத்து, அடுத்தவன் சாக்கில் கட்டி, அடுத்தவன் வண்டியில் ஏற்றிவிட்ட குடும்பம். இன்றைக்குத் தகரக் கொட்டகைதான் என்றாலும் சொந்தக் கடை. நல்லகாமன் கடைச் சாக்கில் கடுகைக் கொட்டினாலும் சிந்தாது என்று மார்க்கெட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான் என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட மனிதரிடம் வந்து மருமகள் ஆர்த்திகா, "மாமா, நல்லாக் கிழிஞ்ச சாக்கா ரெண்டு மூணு வேணும்" என்று கேட்டாள்.

"கிழிஞ்சது எதுக்காத்தா? நல்லதே தாரேன், எடுத்துக்க."

"இல்ல மாமா, கிழிஞ்சதுதான் வேணும். படம் செய்யப் போறேன்."

"சாக்குலயா? ஏன், ஊர்ல பேப்பருக்குப் பஞ்சமா?"

ஆர்த்திகா பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படம் கொண்டுவரலாம். வந்ததில் நல்லதாகப் பொறுக்கி ஒரு மாதம் சுவரில் மாட்டிவைப்பார்கள். தன் படம் அந்தச் சுவரில் ஏறிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து ஒரு சேலை, ஒரு நகை என்று வாய்திறந்து கேட்காதவள், இந்த ஒன்றைத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேன்வாஸும் வண்ணமும் விற்கிற கடைக்குள் போய் விலையைக் கேட்டுவிட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவள், "போங்க, சுத்திக் கெடக்கிறதை வச்சே செஞ்சு காட்டுறேன்" என்று புருஷன் பால்பாண்டியிடம் சபதம் போட்டிருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டுக்குக் குப்பை வர ஆரம்பித்தது.

பரவையில் வெங்காயம் வந்திறங்கிய சிவப்பு வலைப்பை வந்தது. தக்காளிப் பெட்டியின் பலகை வந்தது. அதைத்தான் சட்டம் அடித்தாள். ஒருநாள் பால்பாண்டியின் குட்டியானை வண்டியில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனரே வந்து இறங்கியது. யாரோ வீட்டுக் காதுகுத்துக்கு அடித்த பேனர். சித்தப்பன் படத்தைப் பெரிதாகவும் தாய்மாமன் படத்தைச் சின்னதாகவும் போட்டுவிட்டார்கள் என்று தாய்மாமன் முறுக்கிக்கொள்ள, விழாக்காரர்கள் அதைத் தொடாமலே போய்விட்டார்களாம். ஃபிளெக்ஸ் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார். மாமனையும் சித்தப்பனையும் வெட்டி ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் தலைக்குமேல் இருந்த நீலத்தை மட்டும் ஆர்த்திகா சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

அவளோடு வேலை பார்க்கிற ரங்கநாயகி ஒரு பை நிறைய நூல் கொண்டுவந்தாள். அவர்கள் வீட்டில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறார்கள். சாயம் ஏறிக் காய்ந்ததும் சேலையை இழுத்து உதறினால் முடிச்சு நூல் சுருள்சுருளாக உதிரும். பாதிச் சாயம், பாதி வெள்ளை. கூட்டி அள்ளிக் கொட்டுகிற சாமான்.

நல்லகாமன் பையை விரித்துப் பார்த்தார். "சும்மாவா குடுக்குறீக?"

"சும்மாதாங்க ஐயா."

"சும்மா குடுக்குறவகளைத்தான் சூதானமாப் பாக்கணும். நாளைக்கே ஒரு சேலையத் தூக்கிட்டு வந்து, வாங்கிக்கங்கன்னு நிப்பீக."

ரங்கநாயகி விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க வாங்கிட்டாலும்! ஐயா, இதைக் கூட்டி அள்றதே எங்க வீட்ல ஒரு ஆள் வேலை. நீங்க எடுத்துக்கிட்டா எங்க வாசல் சுத்தம்."

அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போதாததற்கு, மருமகள் சாயங்காலமானால் கண்மாய்ப் பக்கம் போய் நிற்கிறாள் என்று வேறு காதில் விழுந்தது. ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். கரைமேல் நின்று கண்மாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

"அங்கன என்னாத்தா இருக்கு?"

"பாருங்களேன் மாமா."

பார்த்தார். கோடை வெயிலில் கண்மாய் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் இரண்டு மூன்று பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி வானம் தெரிந்தது. சுற்றிக் கொக்கு.

"சேறு கெடக்கு" என்றார்.

"அம்புட்டுதானா?"

"வேறென்ன, மீனா வாங்கப் போற?"

அவள் சிரித்துக்கொண்டே கண்மாய் மண்ணை முந்தானையில் அள்ளி முடிந்துகொண்டு நடந்தாள். அந்த மண்ணைச் சலித்தாள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் காய்ச்சுகிற மாதிரி மைதாப் பசை காய்ச்சினாள். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் வேலை நடந்தது. முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்திவைத்திருந்தாள். நல்லகாமனும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டு போய் நிற்பதற்கு அவர் என்ன சின்னப் பிள்ளையா?

படம் கொண்டுபோகிற நாள் வந்தது. பழைய வேட்டியால் மூடிய பெரிய சட்டத்தைக் குட்டியானையின் பின்பக்கம் நிறுத்திவைத்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். "நான் உக்காருறேன்" என்று நல்லகாமன் ஏறிக்கொண்டார். "எவனாச்சும் சிக்னல்ல உருவிட்டுப் போயிருவான்."

"குப்பைய எவன்பா உருவுவான்?" என்றான் பால்பாண்டி.

"நீ வண்டியப் பாத்து ஓட்டு."

பாலத்து வேலை நடக்கிற இடத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் ஹாரன். இஞ்ச் இஞ்சாகத்தான் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்றில் வேட்டி விலகியது. நல்லகாமன் முதன்முதலாகப் படத்தைப் பார்த்தார்.

சாக்குத் துண்டுகள். மேலே கண்மாய் மண் பூச்சு, பாளம்பாளமாக வெடிப்பு. ஓரத்தில் சுங்குடி நூலைக் குத்துக் குத்தாக ஒட்டியிருந்தாள். வெங்காய வலை மேலே செக்கச்செவேலென்று விரிந்திருந்தது. இதெல்லாம் இருக்கட்டும். நட்டநடுவில் மூன்று இடத்தில் சாக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளங்கை அகலம், முழங்கை நீளம். ஓட்டைக்குப் பின்னால் அந்தக் காதுகுத்து ஃபிளெக்ஸ்.

அவருக்கு மனசு திடுக்கென்றது. பாவம், தைக்கத் தெரியாமல் உள்ளே பிளாஸ்டிக்கைக் கொடுத்து மறைத்திருக்கிறாள். நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? படம் பொறுக்குகிறவன் முதலில் கிழிசலைத்தானே பார்ப்பான்? கிழிந்த சரக்கு என்று தள்ளிவிட்டால் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது? அதற்கும் மேலே, சாக்கு யார் கடைச் சாக்கு?

மடியில் எந்நேரமும் கோணி ஊசியும் சணலும் இருக்கும். எடுத்தார். வண்டி நகர்ந்தால் கையை நிறுத்தினார், நின்றால் குத்தினார். பிளாஸ்டிக்கில் ஊசி படாமல் சாக்கை மட்டும் கவ்வி இழுத்து, ஓரம் மடித்து, மூன்றையும் இழுத்துப் பூட்டினார். தடவிப் பார்த்தார். கடுகு சிந்தாது. வேட்டியைப் பழையபடி போர்த்திவிட்டு, நெஞ்சு நிறையத் தல்லாகுளம் வந்து சேர்ந்தார்.

மண்டபத்தில் வரிசையாகப் படங்களைச் சாத்திவைத்திருந்தார்கள். எல்லாம் பளபளவென்று கண்ணாடிச் சட்டம். அந்தக் கோடியிலிருந்து பொறுக்குகிறவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஆர்த்திகா தன் இடத்தில் படத்தை நிறுத்தி, வேட்டியை இழுத்தாள்.

குனிந்து, மூன்று தையலையும் விரலால் தடவினாள்.

"மாமா" என்றாள் பிறகு. "தண்ணியக் காணோம்."

"தாகமா? இந்தா, பாட்டில் வண்டியில..."

"கண்மாய்த் தண்ணி மாமா! இது நம்ம கண்மாய். அந்த மூணும்தான் தண்ணி. நீலம் தெரியணும்னுதானே கிழிச்சு விட்டிருந்தேன். இப்ப வெறும் பொட்டக்காடாக் கெடக்கு."

நல்லகாமன் படத்தைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவள் கண் நிறைந்துவிட்டது; கண்மாயில் இல்லாத தண்ணீரெல்லாம் அங்கே நின்றது.

"யப்பா, கண்மாய்க்கே ஒட்டுப் போட்ட ஆளு இந்த ஜில்லாலயே நீதான்ப்பா" என்றான் பால்பாண்டி.

"வாய மூடுடா!"

ஆர்த்திகா கைப்பையிலிருந்து பிளேடை எடுத்துத் தையலில் வைத்தாள். அவர் பிளேடைப் பிடுங்கினார். "வெட்டுனா சாக்கு இழையும் சேந்து போயிரும். தள்ளு."

ஆயுசில் தான் போட்ட தையலை அவர் பிரித்ததே கிடையாது. பிரியாமல் இருக்கத்தானே அப்படிப் போடுவது? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊசி முனையால் முடிச்சை நெம்பி, ஒவ்வொரு குத்தாக உருவினார். ஒன்று திறந்தது. இரண்டு திறந்தது. மூன்றாவதில் பாதி இருக்கும்போது பொறுக்குகிறவர்கள் தலைக்குமேல் வந்து நின்றுவிட்டார்கள்.

தாடியும் ஜிப்பாவுமாக இருந்தவர் பெயர் பத்ரிநாத். "ஐயா என்ன செய்றாங்க?" என்று கேட்டார்.

ஆர்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுவாள் என்றுதான் நல்லகாமன் நினைத்தார். கொடுத்தாலும் தப்பில்லை.

"எங்க மாமா சார். அவரு கடைச் சாக்குதான் இது. கடைசி வேலை கொஞ்சம் பாக்கி, முடிச்சிட்டிருக்காரு."

நல்லகாமன் நிமிராமல் மிச்சச் சணலை ஒரே இழுப்பாக இழுத்தார். மூன்றாவது கிழிசலும் வாயைத் திறந்தது. நீலம் பளிச்சென்று வந்தது.

பத்ரிநாத் இரண்டடி பின்னால் போனார். இன்னும் ஓரடி போனார். "கண்மாய்" என்றார். "சித்திரை மாசக் கண்மாய்."

ஆர்த்திகாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தாள் எதை எதை வைத்துச் செய்தது என்று கேட்கக் கேட்க, இவள் நிமிர்ந்து நின்று சொன்னாள். சாக்கு, கண்மாய் மண், காதுகுத்து பேனர், வெங்காயப் பை, சுங்குடிக் குப்பை, தக்காளிப் பெட்டி. ஒன்றையும் மறைக்கவில்லை. இதையெல்லாம் வெளியில் சொல்வாளா ஒருத்தி என்று நல்லகாமனுக்குக் கூசியது. ஆனால் அவள் சொல்லச் சொல்ல, தங்க ஆசாரி நகையை எடுத்து வைப்பதைப் பார்க்கிற மாதிரிதான் அந்த ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படம் தேறிவிட்டது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரிலேயே மாட்டினார்கள். கீழே ஒரு அட்டை ஒட்டினார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மகனைப் படிக்கச் சொன்னார் நல்லகாமன். "ஆர்த்திகா, விளாங்குடி" என்று படித்தான். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு பத்ரிநாத்தைப் பிடித்து, "இங்கனயே விட்டுட்டுப் போகணுமா? ராத்திரி யாரு காவலு? மழை ஒழுகுமா?" என்று துருவி எடுத்துவிட்டார்.

சாயங்காலம் கூட்டம் வந்தது. ஆர்த்திகாவும் பால்பாண்டியும் மற்ற படங்களைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். நல்லகாமன் மட்டும் அந்தச் சுவர்ப் பக்கமே நின்றுகொண்டார். யாரையும் நம்ப முடியாது. கைவைத்துப் பார்க்கிறவர்கள் அதிகம்.

வெள்ளைச் சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் போட்டிருந்த ஒருவர் பெண்சாதியோடு வந்து நின்றார். படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கிழிஞ்ச கோணியைக் கொண்டாந்து மாட்டிருக்காங்க பாரு. ரெண்டு தையலாவது போட்டு மாட்டிருக்கலாம்."

காலையிலிருந்து நல்லகாமன் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. அடுத்தவன் வாயிலிருந்து வந்ததும் அவருக்குச் சுருக்கென்று ஏறியது.

"தச்சா தண்ணி எப்படிய்யா தெரியும்?"

அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார்.

"கிழிசலா அது? கண்மாய்த் தண்ணி. தண்ணிக்குள்ள தெரியுறது வானம், அதான் நீலமாக் கெடக்கு. பாக்கத் தெரியலைன்னா மூணு எட்டுப் பின்னால போய் நின்னு பாரும்."

அவர் நிஜமாகவே பின்னால் போய் நின்று பார்த்தார். பெண்சாதிதான் முதலில், "ஆமாங்க, தண்ணிதான்" என்றாள். பிறகு, "உங்க மக செஞ்சதாய்யா?" என்று கேட்டாள்.

"மருமக. எங்க வீட்டு மருமக." நெஞ்சைத் தூக்கிக்கொண்டு சொன்னார். "ஒரு பொருளு காசு குடுத்து வாங்குனதில்ல. கண்ணை வச்சுச் செஞ்சது. சாக்கு நம்ம கடைச் சாக்கு, விளாங்குடி. அட்டையில போட்டிருக்கும், வாசிச்சுக்கங்க."

பின்னால் ஆர்த்திகாவின் வளையல் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"மாமா, தண்ணின்னு நீங்களா சொன்னீங்க?"

"வெளியாளுக்குச் சொன்னேன். உனக்குச் சொல்லல."

"அப்ப எனக்கு என்ன சொல்றீங்க?"

நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "கிழிசல் கிழிசல்தான். ஊருக்காரன் பூராப் பேரும் வந்து வரிசையில நின்னு என் சாக்கு ஓட்டையப் பாத்துட்டுப் போறான். இதுக்கு ஒரு மாசம் காவலு வேற." வாசல் பக்கம் நடந்தார். "தண்ணியாம் தண்ணி. ஒரு கொக்காவது ஏமாந்து வந்து உக்காரட்டும், அப்பறம் ஒத்துக்கிறேன்."

சொல்லிக்கொண்டே படியிறங்கி, டீக் குடிக்கப் போகிறவர் மாதிரி, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தார்.