சட்டையில் ஈரம்

எரிகிற சூடத்தை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள் மீனாட்சி.

"அடிச்சு சத்தியம் பண்ணு. யாருடி அவன்?"

"யாரும் இல்லம்மா." ஜெகதீஸ்வரி சூடத்தில் அடித்தாள். அவள் கை நடுங்கியது. அது மாத்திரை கொடுத்த நடுக்கம். வீட்டாருக்கு அது குற்றவாளியின் நடுக்கமாகத் தெரிந்தது.

"பைத்தியத்தோட சத்தியம் சாமிகிட்ட செல்லுமா?" என்றான் அண்ணன் கோகிலன். பினாங்குத் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடாமல் ரேடியோவை உரக்க வைத்துவிட்டுத்தான் மானத்தைப் பற்றிப் பேசினான். "எவனோ ஏமாத்திட்டான்லா. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் முடிச்சிட்டு வாங்கம்மா."

ஜெகதீஸ்வரிக்கு முப்பது வயது, கல்யாணமாகவில்லை. ஆளில்லாத குரல்கள் காதில் கேட்கும் நோய்க்கு ஏழு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை. மார்பில் பால் கசிகிறது என்று அவளே இரண்டு முறை தாயிடம் சொன்னாள்.

"குரல் கேக்குதுன்ன. இப்ப பாலும் வருதா?" என்று மீனாட்சி வாயை அடைத்துவிட்டாள். இன்று காலை துணி துவைக்கும்போது சட்டையில் ஈரத்தைப் பார்த்தாள். பெற்ற மகளை நம்பாதவள் துணியை நம்பினாள்.

ஜெலுத்தோங்கில், தெரிந்தவர்கள் யாரும் வராத கிளினிக்காகப் பார்த்துப் போனார்கள். டாக்டர் துளசி சிறுநீரைச் சோதித்தார். மாத்திரை உறையையும் வாங்கிப் படித்தார்.

"கர்ப்பம் இல்ல ஆன்ட்டி. இந்த மாத்திரை சில பேருக்கு பால் சுரக்க வச்சிடும், பீரியடும் நின்னுடும். நீங்களா நிறுத்திடாதீங்க. லெட்டர் தரேன், ஆஸ்பத்திரில காட்டுங்க. வேற மருந்து மாத்தித் தருவாங்க." பிறகு ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். "இத்தனை மாசமா ஏன்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேன் டாக்டர்."

மீனாட்சி அதைக் கேட்கவில்லை. வாசலுக்கு ஓடிப் போய் மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லப்பா, நோவுதான். வெறும் நோவுதான்!" மகிழ்ச்சியில் அவள் குரல் தழுதழுத்தது.

வெளியே வந்த மகளின் கையைப் பிடித்தாள். "வா, நேரா கோயிலுக்குப் போய் உன் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடுவோம்."

ஜெகதீஸ்வரி நகரவில்லை.

"இந்த நோவுன்னு தெரிஞ்ச அன்னிக்கு, செத்துப் போயிடலாம்னு அழுதியேம்மா. இன்னிக்கு அதே நோவுக்கு அர்ச்சனையா?"

மகள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நீ போய் சாமி கும்பிடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நான் சொல்றத அங்க கேப்பாங்க."