ஐந்தாவது கையெழுத்து

சட்டத்தரணி ரபீகா அந்தக் கடதாசியை மூன்று தரம் வாசித்தார். எதிர்க் கதிரையில் இருந்த நிரோஷா, அவருடைய விரல் எந்த வரியில் நிற்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தரமும் விரல் கடைசியில்தான் நின்றது. ஐந்து கையெழுத்துகள் இருந்த இடம் அது.

அது திரேசா மிஸ் தன் கைப்படவே எழுதிய உயில். ஓய்வுபெற்ற டீச்சரான மிஸ்ஸுக்கு அம்பிட்டியவில் ஒரு வீடு இருந்தது, புருஷன் பிள்ளைகள் இல்லை. தெல்தோட்டைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த நிரோஷா பதினாறு வருஷம் அந்த வீட்டின் பின்னறையில் புருஷனோடும் மகளோடும் இருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், கடைசி இரண்டு வருஷம் மிஸ்ஸைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். வீடு நிரோஷாவுக்கு என்று மிஸ் எழுதியிருந்தார். மிஸ் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. நிரோஷா இன்னும் அழவில்லை. யாராவது வந்து துக்கம் கேட்டால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

"உயில் பதியிற நொத்தாரிசு இல்லாம எழுதினா அஞ்சு சாட்சி வேணும். அஞ்சு பேர் ஈக்கிறாங்க, சரி. இந்த அஞ்சாவது, ஜீவன், அது யாரு?" என்று கேட்டார் ரபீகா.

"எங்க வீட்டுக்காரர், மேடம். கீழ ஆட்டோவுல இருக்காரு."

ரபீகா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இத நல்லா கேளுங்க. உயிலுக்குச் சாட்சி வெக்கிறவருக்கு அந்த உயிலால ஒண்டும் கிடைக்கப் படாது. அவர்ட பொஞ்சாதிக்கும் கிடைக்கப் படாது. உயில் நிக்கும். கோயிலுக்கு எழுதின ஆர்மோனியம் கோயிலுக்குப் போகும், புத்தகமெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகும். உங்கட வரி மட்டும் செல்லாது."

"அவரு பேர வெட்டிட்டா?"

"அப்ப நாலு சாட்சிதான். முழு உயிலும் விழும். ரெண்டு வழியிலயும் வீடு அவட தம்பிட பிள்ளைகளுக்குத்தான்."

நிரோஷா தலையாட்டினாள். யன்னலுக்குக் கீழே போட்டோகொப்பி மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நடந்தது அவளுக்கு நல்ல ஞாபகம். நாலு சாட்சிகள் வந்துவிட்டார்கள். இரண்டு பழைய டீச்சர்மார், பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தயா, சந்திக் கடை நஸீப் பாய். ஐந்தாவதாக வரவேண்டிய தேவராசா மாஸ்டர், மண்சரிவால் பஸ் நின்று புசல்லாவையில் மாட்டிக்கொண்டார். மிஸ் கட்டிலில் சாய்ந்தபடி, கையெழுத்து வைக்கும் இடம் மட்டும் தெரியக் கடதாசியை மடித்துப் பிடித்திருந்தார். வாசலில் நின்ற ஜீவனைப் பார்த்து, "உங்கட கலியாணப் பதிவுக்கு நான் சாட்சி வைச்சனான். இப்ப எனக்கு நீர் வையும்" என்றார். எங்கள் தோட்டத்து ஆட்களிடம் அப்படிக் கேட்டால் யார் மறுப்பார்கள், சொல்லுங்கள். மொய்யைத் திருப்பி வைப்பதுபோலத்தானே அதுவும். ஜீவன் சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வந்து வைத்தான்.

ரபீகா கொஞ்சம் யோசித்தார். "உங்கட கலியாணம் பதிஞ்சதா? தோட்டத்துல நிறைய பேர் கோயில்ல தாலி கட்டுறதோட விட்டுருவாங்க. பதிவு இல்லாட்டி, அவர் சட்டப்படி புருஷன் இல்லயெண்டு வாதாடிப் பாக்கலாம். அதுவும் நிச்சயமில்ல. பொய் சொல்லுங்க எண்டு நான் கேக்கல்ல. உள்ளத செல்லுங்க."

"அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன், மேடம்."

ஜீவன் ஆட்டோவின் பின்சீட்டில் கால் நீட்டியிருந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். பிறகு, "நான் சோறு கூட அவ்வளவு தின்னதில்ல நிரோ. ஒரு கையெழுத்துல ஒரு வீட்டையே தின்னுட்டேன்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை.

"பதியலைன்னு சொல்லிரு. கடதாசியிலதானே. நான் என்ன ஓடியா போகப்போறேன்?"

"கச்சேரி ஆபீஸ் பதிவுப் புஸ்தகத்துல இருக்கும்."

"யாரு போய்ப் பாக்கப்போறா? அது வருஷம் பதினொன்னு ஆச்சு."

கைப்பையில் இருந்த பழுப்பு உறைக்குள் கலியாணப் பதிவுக் கடதாசி இருந்தது. மகள் சுகிர்தாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, தாய்தகப்பன் பதிவைக் கேட்டு மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். மிஸ்தான் குடையைத் தூக்கிக்கொண்டு, இருவரையும் முன்னால் விட்டுக் கச்சேரிக்கு நடத்திப் போனார். நிரோஷா உறையைத் திறந்தாள். சாட்சி என்ற இடத்தில் மிஸ்ஸின் கையெழுத்து, கரும்பலகையில் எழுதுவதுபோலவே உருண்டையாக இருந்தது. அவளுக்கு நெஞ்சில் ஒன்றும் வரவில்லை. விரல் மட்டும் அந்த எழுத்தின்மேல் நின்றது.

"இத இல்லேங்கணும்னா, மிஸ் பொய்க்குச் சாட்சி வச்சதா ஆகும்" என்றாள்.

ஜீவன் காலை மடக்கிக்கொண்டான். "சரி. போய்க் குடுத்துட்டு வா. இங்க ரொம்ப நேரம் ஆட்டோவ நிக்க விடமாட்டாங்க."

மேலே ஏறிப்போய் உறையை மேசையில் வைத்தாள். ரபீகா வாசித்தார், மடித்தார். அந்த நாளுக்கான பீஸை அவர் வாங்கவில்லை.

அடுத்த மாதம் மிஸ்ஸின் தம்பி மகன் றமணன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தான். கெட்ட பிள்ளை இல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். "அன்ரி எழுதினதை வாசிச்சனான் அக்கா. என்ர தங்கச்சிக்கும் பங்கிருக்கு, நான் தனிய ஒண்டும் செய்யேலாது. உங்கட பிள்ளையின்ர பள்ளிக்கூடச் சோதினை முடியுமட்டும் இருங்கோ. ஒரு ஒப்பந்தம் மட்டும் எழுதி வைப்பம்."

"சரிங்க."

அவன் கொண்டுவந்த கடதாசியில், வீட்டில் குடியிருப்பவர் என்ற இடத்தில் நிரோஷாவின் பேர் இருந்தது. பதினாறு வருஷத்தில் அந்த வீட்டோடு அவள் பேர் சேர்ந்த முதல் கடதாசி அதுதான் என்று சொல்லலாம், செல்லாமல் போன அந்த வரியை விட்டுவிட்டால். மிஸ்ஸின் மேசையிலேயே விரித்து வைத்தார்கள்.

"ரெண்டு சாட்சி வேணும். பக்கத்து வீட்டு ஐயா வாறன் எண்டவர்" என்று றமணன் பேனையை ஜீவனிடம் நீட்டினான். "மற்றது நீங்களே வையுங்கோவன், அண்ணை. வேற ஆர் இருக்கினம்?"

ஜீவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இருங்க தம்பி. நஸீப் பாயைக் கூட்டிட்டு வர்றேன்."

ஆட்டோ இறக்கத்தில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நிரோஷா கடதாசியை மடித்து, எழுத்தெல்லாம் உள்ளே போக, கையெழுத்து வைக்கும் இடம் மட்டும் வெளியே தெரிய வைத்தாள். பிறகு எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.