பள்ளத்தோட்டத்தில் பால் காய்ச்சிய நாள்

இன்றைக்கு அந்த இடத்துக்கு பாம் கிரீன் ரெசிடென்சி என்று பெயர். கோயமுத்தூர் வளர்ந்து வந்து விழுங்குவதற்கு முன்னால் அது பள்ளத்தோட்டம். பருத்தியும் சோளமும் விளைந்த பூமி. அதில் களை வெட்டியே வள்ளியாத்தாளின் இடுப்பு ஒடிந்தது. கூலி கேட்டால் நாளைக்கு வா, தண்ணீர் கேட்டால் தள்ளி நில். இந்த லட்சணத்தில் அது பொற்காலம் என்று எவனாவது சொன்னால் வாயிலேயே போடலாம்.

அப்புறம் மில் வந்தது, சைட் போடுகிறவர்கள் வந்தார்கள், பஞ்சாயத்து மாநகராட்சி ஆனது. தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடி நிலத்தை பில்டரிடம் கொடுத்து, பணத்தோடு ஒரு மாடி முழுக்க வீடுகளையும் வாங்கிக்கொண்டார். கூலிக்காரர்கள் குடியிருந்த வளவு மட்டும் மதில் சுவருக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. போர்டில் காலனி என்று எழுதினார்கள், அவ்வளவுதான் வளர்ச்சி.

அந்த வளவில் பிறந்த ரவிக்குமார், சின்னதிலேயே ஹாஸ்டலுக்குப் போய்ப் படித்து, ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து, அதே பாம் கிரீன் கட்டடத்தின் நாலாவது மாடியில் வீடு வாங்கிவிட்டான். சும்மாவா! வள்ளியாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. பெற்றவள்தான் பால் காய்ச்ச வேண்டும் என்று மகனே சொல்லியிருந்தான். அவளுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். குனிந்தே கிடந்த மண்ணுக்கு மேலே, வீட்டுக்காரியாக நிமிர்ந்து நின்று அடுப்புப் பற்றவைக்க வேண்டும்.

விடிந்ததும் பட்டுச்சேலை கட்டி, பால் குண்டாவோடு கேட்டுக்கு வந்தாள். ரவி கீழே காத்திருந்தான்.

“அம்மா, யாராச்சும் கேட்டா நமக்குத் தாராபுரம்னு சொல்லிப்போடு.”

“ஏங்கண்ணு? நமக்கும் தாராபுரத்துக்கும் என்ன?”

“நாம எங்கிருந்து வந்தோம்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாதும்மா. அது அப்படியே இருக்கட்டும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. வாக்கிங் கிளம்பிய பண்ணாடியின் மனைவி வெளியே வந்தாள். தாராபுரம் அந்த நொடியிலேயே செத்தது.

“அட, நம்ம வள்ளியாத்தா! பட்டுச்சேலையெல்லாம் பலமா இருக்குது? எந்த ஊட்டுக்கு வேலைக்கு வந்தே?” என்றவள், அடையாளம் தெரியாமல் ரவியைப் பார்த்தாள். “உங்க ஊட்டுக்குங்களா தம்பி?”

வள்ளியாத்தாள் மகன் முகத்தைப் பார்த்தாள். ‘எங்கம்மாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்.

ரவி லிஃப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஆமாங்க. விசேஷத்துக்கு ஒத்தாசைக்கு வரச்சொன்னோம்.”

“நல்லா வேலை செய்வா. உட்டுப்போடாதீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

இருவரும் லிஃப்டில் மேலே போனார்கள். வேறு எவனாவது சொல்லியிருந்தால் வள்ளியாத்தாள் காறித் துப்பியிருப்பாள். பெற்ற பிள்ளையை என்ன செய்வாள்?

விருந்தாளிகள் இன்னும் வரவில்லை. மருமகள் பூஜிதா வாசலுக்கு ஓடி வந்தாள். “வாங்கத்தை, உங்களுக்குத்தான் காத்துட்டு இருக்கோம்.”

வள்ளியாத்தாள் நிலைப்படியைத் தாண்டவில்லை. குண்டாவை மகன் கையில் கொடுத்தாள். பண்ணாடி முன்னால் நிற்பது போல முந்தானையை இடுப்பில் செருகி, தள்ளி நின்றாள்.

“பாலு கொண்டாந்துட்டனுங்க. வேற வேலை இருந்தாச் சொல்லுங்க. இல்லீனா நான் போயிட்டு வாரனுங்க.”

பூஜிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வள்ளியாத்தாள் திரும்பிப் படியில் இறங்கினாள்.

“அம்மா,” என்று ரவி கூப்பிட்டான். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டான்.