நடுச்சட்டம்

கூடத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதன் கீழேதான் அக்காவின் தையல் மெஷின். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினாலும் விளக்கில்லாமல் தெரியும், அவ்வளவு வெளிச்சம். அப்பா படுக்கையில் கிடந்த ஆறு வருஷமும் அவள் அங்கே உட்கார்ந்து தைத்துத்தான் குடும்பத்தை ஓட்டினாள், தம்பியைப் படிக்க வைத்தாள்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கூடத்தைத் தடுத்து அவனுக்கு ஓர் அறை எடுக்க முடிவாயிற்று. முதலில் சம்மதித்ததே அக்காதான். புதுச்சுவர் ஜன்னலின் நடுச்சட்டத்தில் போய் முட்டும். ஜன்னல் கதவு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கொத்தனார் இருவர் முன்னாலும் நூல் பிடித்துத் தரையில் கோடு போட்டார். தம்பியும் தலையாட்டினான்.

மறுநாள் தைத்த சீருடைகளைக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவர் நான்கு வரிசை எழுந்திருந்தது. ஆனால் கோட்டின் மேல் இல்லை. இரண்டடி இப்பால் தள்ளி, ஜன்னல் முழுவதும் தம்பியின் பக்கம் போகிற மாதிரி. மெஷின் சாக்குப் போர்த்தி இருட்டு மூலையில் கிடந்தது.

"யாரு மாத்தச் சொன்னது?"

கொத்தனார் கரண்டியை வைத்தார். "உங்க தம்பிதாம்மா. காலையில ஃபோன் பண்ணினாரு. நீங்களும் சரின்னுட்டதா சொன்னாரு."

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கலவை இறுகிடுச்சா?"

"இன்னும் இல்ல. எதுக்கும்மா?"

அவள் மேல்வரிசைக் கல்லைப் பெயர்த்தாள். ஈரக் கலவை பிய்ந்து புடவையில் வழிந்தது. இரண்டாவது கல், மூன்றாவது கல். "கால்ல போட்டுக்கப் போறீங்கம்மா!" என்று கொத்தனார் கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை.

இரண்டு வரிசை இறங்கியபோது தம்பி உள்ளே வந்தான்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"புதுசா வர்றவ அரை ஜன்னல் ரூம்லயா இருப்பா? பாக்கவே அசிங்கமா இருக்கும். நீ லைட் போட்டுத் தைச்சுக்கலாமில்ல?"

"அரை ஜன்னல்னா காத்து நொண்டிக்கிட்டா வரும்? என் அடிமடியில கை வச்சுட்டு அழகு பேசுறியா?"

"இது அப்பா வீடு. எனக்கும் உரிமை இருக்கு."

"இருக்கு. அதனாலதான் பாதி. நான் சொல்லாததைச் சொன்னதா பொய் சொல்லி மீதியையும் புடுங்குவியா?"

அவன் ஒரு கல்லை எடுத்து மறுபடி வைக்கப் போனான். அவள் அந்த இடத்திலேயே, ஈரக் கலவையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வை பார்க்கலாம். என் தலைமேல வை."

கல்லைப் பிடித்தபடி நின்றவனைக் கொத்தனார் பார்த்தார். "தம்பி, பொய் சொல்லி என் கையால கட்ட வச்சிட்டீங்க. இனி பழைய கோட்டுலதான் கல்லு வைப்பேன். வேண்டாம்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

கல்யாணத்துக்குப் பன்னிரண்டே நாள். வேறு ஆளுக்கு எங்கே போவது? கல்லைத் தொப்பென்று போட்டுவிட்டு அவன் வெளியே போனான். கதவை அறைந்த அறையில் நிலையே அதிர்ந்தது.

சுவர் பழைய கோட்டில் எழுந்தது. சுவரின் கனம் நாலங்குலம், சட்டத்தின் கனம் இரண்டரை அங்குலம்; அப்படியே முட்டினால் ஜன்னல் கதவுகள் சுவரில் இடிக்கும். அதனால் கொத்தனார் ஒரு சாண் முன்னதாகவே சுவரை நிறுத்தி, மீதி இடைவெளியில் சட்டத்தின் கனமே உள்ள பலகையை நிறுத்தினார். அது சட்டத்தைத் தொடும் இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டினார். ஜன்னலின் இரண்டு கதவும் இடிக்காமல் திறந்தன.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, தம்பி மனைவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அக்கா, சத்தியமா ஜன்னல் வேணும்னு நான் கேக்கவே இல்ல."

"தெரியும்மா. உன்மேல எனக்கு என்ன கோபம்?"

தம்பி மட்டும் இன்றுவரை ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்கும். அவன் சாப்பிட்டானா என்று அக்கா இப்போதெல்லாம் கேட்பதில்லை.