பசாரா விட்டுவந்த இடைவெளி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். நூனு சொன்னது பாதி, லாரிக்கார ஷேதே சொன்னது பாதி. இரண்டும் இத்தனை வருஷம் என் தலைக்குள் ஒன்றாகக் கிடந்து ஊறிவிட்டன. முதல் பனி விழுந்தது அவர்கள் மலையிலிருந்து இறங்கிய அன்றா, அதற்கு முந்தின நாளா என்று கேட்டால் தடுமாறுவேன். ஷேதே சாராயம் உள்ளே போனால் கதையை நீட்டுவார். நூனு சாராயம் இல்லாமலே கதையைக் குறுக்குவாள். ஆனால் நாய் எங்கே நின்றது, எங்கே நடந்தது என்பதில் மட்டும் இருவரும் ஒரு அடிகூட மாற்றிச் சொன்னதில்லை.

அந்த வருஷம் துஷேத்தி மலையிலிருந்து மந்தைகளெல்லாம் குளிர்காலத்துக்காகக் கீழே அல்வானி ஊருக்கு இறங்கிவிட்டன. நூனுவின் தம்பி எலிஸ்பார் மட்டும் இறங்கவில்லை. பிரிந்துபோன சில ஆடுகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று மந்தையைக் கூட்டாளிகளிடம் ஒப்படைத்துவிட்டு, தன் நாயோடு மேலேயே நின்றுகொண்டான். அதன் பிறகு வரவில்லை. ஊர் ஆண்கள் போய்த் தேடினார்கள். பார்ஸ்மா என்ற மலைக் கிராமத்துக்கு மேலே, இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில், ஒரு பாறையின்மேல் நாய் உட்கார்ந்திருந்தது. அவன் இல்லை. கூப்பிட்டார்கள், அதட்டினார்கள், நாய் அசையவில்லை. கயிறு போட நெருங்கியவனுக்குப் பல்லைக் காட்டியது. விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

பசாரா என்று பெயர் அதற்கு. கன்றுக்குட்டி உயரம், குட்டியிலேயே காது நறுக்கிய மொட்டைத் தலை. மந்தை நகரும்போது அது எப்போதும் கடைசியில்தான் வரும். நொண்டி ஆடோ, ஒதுங்கி நின்று புகை பிடிக்கிற மேய்ப்பனோ, யார் பின்தங்கினாலும் அவர்களை முன்னே போகவிட்டு அப்புறம்தான் எழுந்திருக்கும். தன் ஆட்களில் ஒருவர் பின்னால் இருக்கும்வரை அதை நகர்த்த முடியாது. இது அல்வானியில் எல்லோருக்கும் தெரியும். எலிஸ்பாரின் மனைவி தாரோவுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

"நாய் அங்க உக்காந்திருக்குன்னா, அவர் அங்கதான் எங்கயோ உசுரோட இருக்காரு அக்கா," என்றாள் தாரோ, நூனு கிளம்பும்போது. "அவரோட வாங்க. நாயை மட்டும் கூட்டிட்டு வந்து என் வாசல்ல நிக்காதீங்க."

அதற்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுக்காரி கறுப்புத் துணி கட்டிக்கொண்டு துக்கம் கேட்க வந்தாள். தாரோ அவள் முகத்தில் கதவைச் சாத்தினாள்.

நூனு ரொட்டிக் கடையில் லீவு சொல்லிவிட்டு ஷேதேயின் லாரியில் ஏறினாள். அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி நடை. மேலே மிச்சமிருந்த, பாலாடைக்கட்டி அடைத்த தோல்பைகளையும் அடுப்புகளையும் ஏற்றிக்கொண்டு, பனி கணவாயை மூடுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஷேதே அவளுக்குத் தூரத்து மாமா முறை.

ஷேதே மேலே சுமை சேர்த்துக்கொண்டிருந்த நாட்களில், தினமும் காலையில் அவள் ஓடைக்குப் போனாள். பள்ளம் பள்ளமாகத் தம்பி பெயரைச் சொல்லிக் கத்தினாள். மலை திருப்பிக் கத்தியது. அலுத்துப்போனதும் பாறைக்குக் கீழே வந்து உட்கார்ந்து நாயோடு பேசினாள்.

"வாடா மடையா. பாரு, வெண்ணெய் தடவினது. உன் எஜமான்கூட எனக்காக இப்படிக் காத்திருந்ததில்ல."

பசாரா ரொட்டியை மோந்து பார்த்துவிட்டு மறுபடி மேட்டைப் பார்த்தது. அதன் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்திருந்தன. நூனுவுக்கு இரண்டு பயம். அது அங்கேயே இருந்தால் குளிரில் செத்துவிடும். அது எழுந்து வந்துவிட்டால்? அந்த இரண்டாவதை அவள் முழுதாக நினைத்துப் பார்க்கவில்லை. அது உட்கார்ந்திருக்கிற வரைக்கும் எலிஸ்பாருக்கு ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான்.

கிளம்புகிற காலையில் ஷேதே இன்ஜினை ஓடவிட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்.

"உங்க குடும்பத்துல நாய்க்குத்தான் பிடிவாதம்னு நினைச்சேன். உனக்கும் குறைச்சல் இல்ல. வானத்தைப் பாரும்மா. இன்னைக்கு விட்டா வசந்தத்துலதான் இறங்கணும், நீயும் நானும் அந்தப் பாலாடைக்கட்டியைத் தின்னுகிட்டு."

"ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கறேன் மாமா."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

அவள் கூப்பிடவில்லை. பாறையருகே போய், ரொட்டி முழுவதையும் வைத்துவிட்டு, நாயின் நெற்றியில் கை வைத்தாள். "போய்ட்டு வரேன்," என்றாள். திரும்பி நடந்தாள்.

அப்போதுதான் பசாரா எழுந்தது.

அவளைப் பார்த்து எழவில்லை. மேட்டுப் பக்கம் பார்த்து எழுந்தது. வாலை மெதுவாக, தாழ்வாக, இரண்டு பக்கமும் ஆட்டியது. எலிஸ்பார் நெருங்கும்போது மட்டும் ஆட்டுகிற விதம். தலை மெல்லத் திரும்பியது, சரிவில் இறங்கிவரும் ஒன்றைக் கண்ணால் தொடர்வதுபோல. பாறையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, நூனு நின்ற பாதைவரை அந்தத் தலை திரும்பியது. பிறகு அது கீழே குதித்து, சற்று நின்று, நடக்க ஆரம்பித்தது.

"அட, வந்துட்டான்யா!" என்று ஷேதே கையைத் தட்டினார்.

 இத்தனை நாளும் வா வா என்று நூனு கெஞ்சிக் கூப்பிட்ட நாய் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அதைக் கல்லால் அடித்துத் திரும்ப விரட்ட வேண்டும்போல் இருந்தது.

லாரியருகே வந்ததும் பசாரா நின்றது. ஷேதே பின்கதவை இறக்கி, "ஏறுடா ராஜா" என்றார். அது காத்திருந்தது. ஏற வேண்டியவர்கள் ஏறி முடித்ததுபோலச் சற்று நேரம் கழித்துத் தாவி ஏறி, பின்கதவை ஒட்டி, ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்த இடம் போதாது. நடுவில் வெறும் பலகை கிடந்தது.

நூனு முன்னால் உட்காராமல் பின்னால் ஏறினாள். கேபினின் முதுகுப்பக்கம் காற்று அடிக்காத இடத்தில் ஒரு கம்பளி அங்கி விரித்திருந்தது. அதில் உட்காரப் போனாள். பசாரா உறுமியது.

அவள் கையால் பால் குடித்து வளர்ந்த நாய் அது. அவளைப் பார்த்து ஒரு நாளும் உறுமியதில்லை. அவள் விலகினாள், உறுமல் நின்றது. மறுபடி அங்கியில் கை ஊன்றினாள், மறுபடி உறுமல். கோபமில்லை அதில். ஒருவர் காலை மிதிக்கப் போகிற குழந்தையிடம் பெரியவர்கள் தொண்டைக்குள் ஒரு சத்தம் போடுவார்களே, அப்படி.

அவள் தோல்பைகளின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கிய ஷேதே எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நல்ல இடத்தை விட்டுட்டுக் காத்துல போய் உக்காந்திருக்க? மூக்கு கழண்டு விழுந்துடும். அப்புறம் எவன் கட்டுவான் உன்னை?"

"இங்கயே இருக்கேன் மாமா."

அவர் அங்கியைப் பார்த்தார். ஓரத்தில் ஒடுங்கிய நாயைப் பார்த்தார். வேறு ஒரு கேலி வாயில் வைத்திருந்தார் போலிருக்கிறது, அதை விழுங்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு லாரி மெதுவாகப் போனது. பள்ளங்களில் பார்த்துப் பார்த்து இறக்கினார். பாலாடைக்கட்டிக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

அபானோ கணவாயின் உச்சியில், அந்தப் பாதையில் விழுந்து செத்தவர்களின் படம் பதித்த கற்களருகே, எல்லோரும் நிறுத்துவதுபோல நிறுத்தினார். கல்மேல் எப்போதும் இருக்கும் கண்ணாடிக் கோப்பையை ஊதித் துடைத்து, சாராயம் ஊற்றி, போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். செத்தவர்கள் நினைவாகக் குடிக்கும்போது ஒரு பெயரையும் விடக்கூடாது. உயிரோடிருப்பவன் பெயரை அதில் சேர்க்கவும் கூடாது. கடைசிப் பெயருக்குப் பிறகு கோப்பையை வாயருகே கொண்டுபோகாமல் நின்றார்.

"வேற யாராவது?" என்றார், அவளைப் பார்க்காமல்.

"வேற யாரும் இல்ல."

"சரிம்மா."

கொஞ்சத்தைத் தரையில் சிந்திவிட்டுக் குடித்தார்.

கணவாய்க்குக் கீழே பாதையின் ஓரம் சரிந்திருந்தது. அங்கே லாரியில் ஓட்டுகிறவர் மட்டும்தான் இருக்கலாம், மற்றவர்கள் பின்னால் நடந்து வர வேண்டும். மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. லாரி அதற்குள் நுழைந்ததும் சிவப்பு விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு சத்தம் மட்டும்.

நூனு நடந்தாள். பின்னால் நாயின் மூச்சு கேட்டது. அருகில் இல்லை. திரும்பிப் பார்த்தாள். மந்தையின் பின்னால் பசாரா விட்டுவரும் வழக்கமான இடைவெளி அவளுக்குத் தெரியும். இது அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. நடுவில் ஒரு ஆள் நடந்து வந்தால் அவனுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு.

நின்றாள். நாயும் நின்றது. மெதுவாக நடந்தாள். நாயும் மெதுவாக நடந்தது. "பசாரா, கிட்ட வாடா," என்றாள். அது தலையை உயர்த்திப் பார்த்தது, அவள் முகத்தை அல்ல, அவளுக்குச் சற்றுப் பின்னால், ஒரு ஆளின் முதுகு இருக்கும் உயரத்தில்.

தரையில் சல்லடையில் சலித்த மாவுபோல் மெல்லிய பனி. குனிந்து பார்த்தாள். அவளுடைய தடம் இருந்தது. தூரத்தில் நாயின் தடம் இருந்தது. நடுவில் அவளுடைய தடம் மட்டும், கலையாமல். வேறு தடம் இருந்திருந்தால் கத்திக்கொண்டு ஓடியிருப்பாள், பயந்தாவது ஆறுதல் அடைந்திருப்பாள். அங்கே ஒன்றுமே இல்லாததற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நெடுநேரம் நடந்தாள். பிறகு திரும்பாமலே, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்: "ஓரத்துல போகாதடா. மண்ணு சரியுது."

சரிவைத் தாண்டியதும் அவளும் நாயும் மறுபடி லாரியில் ஏறினார்கள். அல்வானியின் முதல் தோட்டங்கள் தெரிந்தபோது வெயில் இருந்தது. திராட்சைக் கொடிகளில் இலை பழுத்திருந்தது. லாரியை நிறுத்தச் சொல்லி நூனு இறங்கினாள்.

"மாமா, கயிறு ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"நாயைக் கட்டணும். கட்டி இழுத்துட்டு வந்தேன்னு தாரோகிட்ட சொல்லப் போறேன். நாய் தானா எந்திரிச்சு வரலன்னு. நீங்களும் அப்படித்தான் சொல்லணும்."

ஷேதே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "அவ நம்புவாளா?"

"இந்தக் குளிர்காலம் மட்டும் நம்பினா போதும்."

கயிற்றைக் கொடுத்தார். பசாராவின் கழுத்தில் அதுவரை கயிறு ஏறியதில்லை. நூனு கட்டியபோது பேசாமல் நின்றது. ஆனால் நடக்கத் தொடங்கியதும் நேர் பின்னால் வரவில்லை. பாதையை விட்டு ஒதுங்கி, வேலியோரமாக, சாய்வாக நடந்தது. நூனு பாதைக்கு இழுத்தாள். அது காலை ஊன்றிக்கொண்டு மறுபடி வேலிப்பக்கமே போனது. கயிறு அவள் முதுகுக்குப் பின்னால் நேராக விழாதபடி, முட்செடியில் உரசி உரசி வந்தது.

தாரோ முற்றத்தில் கம்பளியை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லாரிச் சத்தம் கேட்டே நிமிர்ந்திருக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அவர்கள் தெருவில் வரும் வரிசையைப் பார்த்தாள். முதலில் நூனுவை. அப்புறம் வேலியோரம் ஒதுங்கி நடந்த நாயை. அப்புறம் இரண்டுக்கும் நடுவில்.

"தாரோ, இவன் வரமாட்டேன்னுதான் நின்னான்," என்று நூனு தெருவிலிருந்தே ஆரம்பித்தாள். மூச்சு வாங்கியது. "நாங்கதான் கட்டி இழுத்துட்டு வந்தோம். மாமாவைக் கேளு. அங்கயே விட்டா செத்துருவான்னு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

தாரோ வந்து வாசல்கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்துவைத்தாள்.

"கயித்தை விடுங்க அக்கா," என்றாள். "அவர் கால்ல தட்டும்."

நூனுவின் கை தானாக விரிந்தது. கயிறு விழுந்ததும் பசாரா பாதைக்கு வந்தது. வாசலுக்கு வெளியே நின்றது. தாரோ வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், தலையைக் குனிந்து. கொஞ்ச நேரம் ஆனது. பிறகு நாய் வாசற்படிக்குக் குறுக்காக, தெருவைப் பார்த்துப் படுத்து, முன்னங்காலில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. மந்தை முழுதும் பட்டிக்குள் போன பிறகு படுப்பதுபோல.

அன்று சாயங்காலமே தாரோ கறுப்பு உடுத்தினாள். ஊரில் சிலர் அவசரப்படுகிறாள் என்றார்கள். எலிஸ்பாரின் உடலை மே மாதம் பனி உருகியபோது இரண்டு ஓடைகளுக்கு மேலே ஒரு பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். எந்த நாளில் இறந்தான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தாரோ மறுமணம் செய்யவில்லை, ஆடுகளை விற்றுவிட்டு அதே வீட்டில் இருக்கிறாள். நூனு இன்னும் ரொட்டிக் கடையில்தான் வேலை செய்கிறாள், மலைக்குப் போவதில்லை. ஷேதே அடுத்த வருஷம் லாரியை விற்றார், தெலாவியில் மகள் வீட்டில் தூக்கத்தில் இறந்தார். பசாரா வேறொருவர் மந்தையோடு நான்கு கோடைகள் மலைக்குப் போய் வந்தது. பிறகு வயதாகிச் செத்தது.