தென்கிழக்கு நோக்கிய கமோடு

2025ஆம் ஆண்டு அக்டோபர் மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், மல்லேஸ்வரத்தில் ராஜலக்ஷ்மியின் வீட்டுக் கழிப்பறையில், முந்தைய நாள் வடக்கு நோக்கிப் பதிக்கப்பட்ட கமோடு தென்கிழக்கு நோக்கித் திரும்பியிருந்தது. தரை ஓடுகளில் கீறல் இல்லை. அடியில் பூசிய வெள்ளை சிமெண்ட் உதிரவில்லை. போல்ட்டுகள் முடுக்கியபடியே இருந்தன. அன்று காலை சந்தையில் செவ்வந்திப் பூவின் விலை பண்டிகை முடிந்து பாதிக்கு இறங்கியிருந்தது; வெண்டைக்காய் மட்டும் இறங்கவில்லை.

நில அளவைத் துறையில் வரைபடங்கள் வரைந்து ஓய்வு பெற்ற ராஜலக்ஷ்மி, கோணலான எதையும் பொறுத்துக்கொள்ளாதவர். எனினும் அன்று அவரை வருத்தியது கோணல் அன்று. அதனால் தள்ளிப்போகும் ஒரு வருகை. அவருடைய கணவர் வெங்கடசுப்ரமணியன் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்கு உள்ளாகியிருந்தார். இனிக் குந்தி உட்காரவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டிலோ குந்தும் கழிப்பறை ஒன்றுதான். ஆகையால் மருத்துவமனையிலிருந்து நேரே பொம்மனஹள்ளிக்கு, மகள் அம்ருதாவின் அடுக்குமாடி வீட்டுக்கு அவரைக் கொண்டுபோனார்கள். இரண்டு வீட்டையும் பார்த்துக்கொள்ள மாட்டாமல் அலுத்துப்போயிருந்த அம்ருதா தொலைபேசியில் கறாராகச் சொன்னாள்: "அம்மா, கமோடு நேரா, கெட்டியா இருக்குன்னு எனக்கு ஃபோட்டோ வரணும். தீபாவளிக்குள்ள வரலேன்னா அந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு நீயும் இங்கயே வந்துடு. அப்புறம் பேச்சே கிடையாது."

நடந்த பிழை ஒன்றே ஒன்றுதான். ஆண்டுதோறும் கணவர் செய்யும் ஆயுத பூஜையை இம்முறை வாத்தியார் வந்து செய்தார். கணவரின் பெயர், கோத்திரம், நட்சத்திரம் சொல்லி, அவர் உடல் தேறி வீடு திரும்பச் சங்கல்பம் செய்தார். கூடத்தில் மிக்சி, தையல் இயந்திரம், ஸ்கூட்டர் சாவி ஆகியவற்றோடு, கடையிலிருந்து வந்து பிரிக்கப்படாமலிருந்த கமோட்டின் அட்டைப்பெட்டியும் வரிசையில் நின்றது. வரிசையில் ஒன்று மட்டும் மூளியாக நிற்கலாகாது என்று ராஜலக்ஷ்மி அதற்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். மறுநாள் விஜயதசமியன்று புனர்பூஜை செய்து, பொருள்களைச் சற்றே வடக்கில் நகர்த்திய பிறகே எடுத்துப் பயன்படுத்துவது முறை. ஆனால் பிளம்பர்கள் அனைவரும் கருவிகளைச் சாமி முன்னால் வைத்துவிட்டு வீட்டில் இருந்த அந்த நாளில், அடுகோடியிலிருந்து ஓஸ்வால்ட் மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் விடிந்ததும் வந்து நின்றார். வாத்தியாருக்காகக் காத்திருக்க ராஜலக்ஷ்மிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

திரும்பிய கமோட்டைப் பார்த்த ஓஸ்வால்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். "மாதா மேல ஆணைம்மா, லெவல் வெச்சுப் பாத்துதான் பதிச்சேன்."

"அப்போ நான்தான் நகத்தி வெச்சேனா?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்வேனா? நாலு பைல்வான் வந்தாலும் நகராதும்மா இது."

அவர் அதைப் பெயர்த்து மீண்டும் வடக்கு நோக்கிப் பதித்தார். சிமெண்ட் இறுகும்வரை தாமே அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து காபி குடிக்கப் போன இடைவேளையில், மாடு தலையைத் திருப்புவதுபோல் அது நிதானமாகத் தென்கிழக்கே திரும்பியது. மறு வாரம் வேறு இருவர் வந்து நீண்ட போல்ட்டுகளைத் தரைக்குள் இறக்கினார்கள். போல்ட்டுகளும் கூடவே திரும்பின. குழாய்கள் ஒரு சொட்டுகூடக் கசியாமல் வளைந்துகொடுத்தன. சுவர் மூலையை முட்டிக்கொண்டு நின்ற அதில் உட்கார வேண்டுமானால், முழங்கால்களைச் சுவருக்குள் செலுத்த வேண்டும். ராஜலக்ஷ்மி கூடத்துக்கும் கழிப்பறைக்குமாக நடந்தார். சமையல் பாதியில் நின்றது. அம்ருதாவின் அழைப்புகளை எடுக்காமல் விட்டார்.

ஒரு நாள் நண்பகலில் அது வடகிழக்கே திரும்பியிருந்தது. ஜன்னல் வழியே வெயில் விழும் கோணத்தைப் பார்த்து, ராஜலக்ஷ்மி மனத்துக்குள் ஒரு கோடு இழுத்தார். பிறகு மகளை அழைத்தார்.

"அப்பா எங்கே இருக்கார்?"

"ஹெப்பாள்ல, டாக்டர்கிட்ட. காலைலேர்ந்து மெசேஜ் போட்டுண்டிருக்கேன், நீதான் பார்க்கறதில்லை."

அவர் முக்காலியைப் போட்டுக் கழிப்பறை வாசலில் உட்கார்ந்தார். பிற்பகலில் கமோடு கடிகார முள்ளைப்போல் கிழக்கே நகர்ந்தது. அங்கிருந்து தென்கிழக்கே இறங்கியது. சில்க் போர்டு சந்திப்பு இருக்கும் திசையில் நெடுநேரம் அசையாமல் நின்றது. அம்ருதாவின் கார் அங்கே நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்ததாகப் பின்னர் தெரிந்தது. அதன் பிறகு ராஜலக்ஷ்மிக்கு ஐயம் எதுவும் இல்லை.

வாத்தியார் வந்து பார்த்தார். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, ஆனால் வியப்பேதும் இன்றி. "சங்கல்பம் பண்ணி எழுப்பிட்டு முடிக்காம விட்டா, அது அவரைத் தேடாம என்ன பண்ணும் மாமி? இப்பவே புனர்பூஜை பண்ணிடலாம். வெறும் பீங்கானாப் போயிடும். நீங்க வெச்ச இடத்துல நிக்கும்."

ராஜலக்ஷ்மி பூத்தட்டைக்கூட எடுத்துவைத்துவிட்டார். அந்த நேரத்தில் கணவரின் அழைப்பு வந்தது. "ராஜி, இங்க எல்லாம் சௌகரியம்தான். ஆனா இவ என் நாற்காலியை டிவி பக்கம் திருப்பித் திருப்பிப் போடறா. எனக்கு ஜன்னல் பக்கம்தான் உட்காரணும் போல இருக்கு."

"எந்தப் பக்கத்து ஜன்னல்?"

"வடமேற்கு. ஏன் கேக்கறே?"

ராஜலக்ஷ்மி பூத்தட்டை மீண்டும் உள்ளே கொண்டுபோய் வைத்தார். வாத்தியாருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, தீபாவளிக்கு முந்தைய நாள் காலையில் வாடகைக் கார் பிடித்துப் பொம்மனஹள்ளிக்குப் போனார்.

"ஃபோட்டோ எங்கே?" என்றாள் அம்ருதா.

"ஃபோட்டோ இல்லை. இவர் வந்தாத்தான் அது நேராகும். அது நேரானாத்தான் இவரை அனுப்புவேன்னு நீ சொன்னா, நாங்க ரெண்டு பேரும் எங்கதான் போறது? சாயங்காலத்துக்குள்ள நேராகலேன்னா நானே கொண்டு வந்து விடறேன். வீட்டுச் சாவியையும் உன் கையிலயே குடுத்துடறேன்."

தாய் ஒருநாளும் சொன்ன சொல்லை மாற்றியதில்லை என்பதால், அம்ருதா அப்பாவின் மாத்திரைகளை எடுத்துவைத்தாள்.

கார் புறப்பட்டபோது மல்லேஸ்வரத்தில் ஓஸ்வால்ட் கழிப்பறைச் சுவரில் சாய்ந்து, தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். "நகருதும்மா… நின்னுடுச்சு. என்ன, சிக்னலா? … இப்போ கிழக்கே வருது… அம்மா, வேகமா வருது, ட்ரைவரை மெதுவாப் போகச் சொல்லுங்க!" வெங்கடசுப்ரமணியன் பின் இருக்கையில், இவள் யாரோடு எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று கேட்காமல், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மல்லேஸ்வரம் வீட்டில் கழிப்பறை தெற்குக் கடைசியில் இருந்தது. கூடமும் அறைகளும் அதற்கு வடக்கே இருந்தன. அவர் ஊன்றுகோலோடு வாசற்படியைத் தாண்டியபோது கமோடு முற்றிலும் வடக்கே திரும்பி, கழிப்பறைக் கதவை நேராகப் பார்த்து நின்றது. அவர் நெடுநேரம் அடக்கிக்கொண்டு வந்திருந்ததால் வேறெதையும் கவனிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தார். அது அசையவில்லை. ஓஸ்வால்ட் கதவுக்கு வெளியே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அன்று மாலை முடிவானவை இவை: வெங்கடசுப்ரமணியன் மல்லேஸ்வரத்திலேயே இருப்பார், வீடு வாடகைக்கு விடப்படாது, அம்ருதா ஞாயிறுதோறும் வந்து பார்ப்பாள். ஓஸ்வால்ட் தண்ணீர்த் தொட்டிக்கு நீளமான வளையும் குழாயை மாட்டி, கைப்பிடிகளை இருபுறச் சுவரிலும் பொருத்துவார். புனர்பூஜை இனித் தேவையில்லை. கணவர் மாலையில் கிழக்கே சம்பிகே சாலைப் பக்கம் நடக்கப் போகும்போது கழிப்பறைக் கதவு திறந்தே இருக்கும். கமோடு கிழக்கிலிருந்து கதவுப் பக்கம் திரும்பத் தொடங்கியதும், ராஜலக்ஷ்மி காபிக்குப் பாலை அடுப்பில் வைப்பார்.