கொள்ளிக்கண்

காசிமேட்டுக்குப் பிளாஸ்டிக் புதுசாக வந்த காலம். மங்கம்மா பிளாஸ்டிக் விரிப்பில் மீனைப் பரப்பிக் கடல்தண்ணீர் தெளித்தால், துளிகள் முத்து முத்தாய் உருளும். கூட்டம் அங்கேதான் மொய்க்கும். பக்கத்தில் சாக்கு விரித்த குணசுந்தரியிடம் ஈதான் மொய்க்கும்.

ஒருநாள் மங்கம்மா விரிப்பைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்து, அரைகுறையாய் அலசி விரித்தாள். தண்ணீர் உருளாமல் சப்பென்று படர்ந்துவிட்டது.

"உன் கொள்ளிக்கண்ணுதான்டி!" என்று குணசுந்தரி மேல் பாய்ந்தவள், திருஷ்டி கழிய விரிப்பைக் கடலில் மூன்று முறை முக்கினாள். மிச்சச் சவுக்காரம் போனது. துளிகள் மறுபடி உருண்டன. "பாத்தியா?"

குணசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் கண்ணின் புகழ் சந்தை முழுக்கப் பரவிவிட்டது. இப்போதெல்லாம் அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களிடம் அவள் மல்லுக்கு நிற்பதில்லை.

"இன்னாம்மா, புடவை ஷோக்கா கீதே" என்று உற்றுப் பார்ப்பாள். சொன்ன விலை கைக்கு வந்துவிடும்.